வழுக்கியது காலோ, தரையோ?

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. விழுந்தவருக்கு ஆறுதலாகப் பிறந்த இம்மொழி, விழச்செய்த தரைக்கு வக்காலத்தாகவும் வழங்கிவருகின்றது. இது முறையன்று என்பதே என் கருத்து.

சென்ற மழைக்காலத்தில், எங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் இருவர் அண்டாவைத் தூக்கிச் செல்லுங்கால், ஒருவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, கொதிகஞ்சி பட்டுத் தொடையும் வெந்தது. அன்று உணவுக்கூடத்தில் எழுந்த பேச்சு யாது? "பார்த்து நடந்திருக்கலாகாதா?" என்பதே. யானும் அவ்வாறே எண்ணினேன், அதனை மறைப்பானேன்?

மறுநாள் உள்ளே சென்று நோக்கினேன். அண்டாவின் காதைப் பற்றிப் பக்கவாட்டில் நடப்பவருக்குத் தம் காலடியே தெரியாது. சோறு வடிக்குமிடத்திலிருந்து சாக்கடைவரை தரைக்கு வாட்டமில்லை. ஆதலின் கஞ்சி தேங்கிப் பசையாய்ப் படிகின்றது. அதன்மேல் எண்ணெய்த் துளிகள். பதித்திருப்பதோ பளபளக்கும் ஓடு. உலர்ந்தால் அழகு, நனைந்தால் பாசி படிந்த குளப்படி! வழுக்காதிருக்க வாயிலில் இட்ட கோணிச்சாக்கும் சுருண்டு கிடந்து காலை இடறிற்று. (இட்டவரின் நல்லெண்ணத்தை யான் குறைகூறவில்லை.)

சட்டமும் இவ்வுண்மையை மெல்லவே உணர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தளமும் படியும் உறுதியாயிருத்தல் வேண்டும், வேண்டுமிடத்துக் கைப்பிடி அமைத்தல் வேண்டும் என்றது. தடைகளும் வழுக்கச்செய்யும் பொருள்களும் அங்கு இருத்தலாகாது என்னும் சொற்கள், 28 ஆண்டுகள் கழித்து, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே சேர்ந்தன. அக்கட்டளை நடப்பவரை நோக்கியதன்று, இடத்தை நடத்துவோரை நோக்கியது என்பதே சிறப்பு. ஆயினும் உணவகங்களை அச்சட்டம் தொழிற்சாலையாகக் கொள்ளவில்லை. அடுப்படியில் வழுக்குவோர் எலும்பு முறியாதோ!

அம்மி வழுவழுப்பானால் கொத்துகின்றோம். அரைபடும் மிளகாய்க்குக் காட்டும் அக்கறையை அரைப்பவரின் காலுக்குக் காட்டலாகாதா? ஓடுகளைப் பெயர்த்துக் கொத்திய கருங்கல் பாவி, சாக்கடை நோக்கி வாட்டம் விடுதல் வேண்டும். கஞ்சி சிந்திய கணமே துடைக்க ஓர் ஆள் வேண்டும். பொருளில்லை என்பர். இவ்வாண்டு விடுதியின் முகப்பிற்கு வர்ணம் பூசியதை நாம் அனைவரும் கண்டோம்.

விழுந்தவர் இரண்டு திங்கள் கழித்து வேலைக்குத் திரும்பியுள்ளார். அதே தரையில், ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கின்றார்.