ஐந்து மதிப்பெண் லேசர்

ஒளியியலில் நிகழ்ந்துள்ள புரட்சி சிறிதன்று. 1917-இல் தூண்டு உமிழ்வு என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் ஏட்டில் எழுதினார். 43 ஆண்டுகள் கழித்து, 1960 மே 16-இல், அமெரிக்காவில் மெய்மன் சிறு மாணிக்கப் படிகம் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். இன்று கண் அறுவை முதல் கடலடி ஒளியிழைச் செய்தித் தொடர்பு வரை அவ்வொளியின் ஆட்சிதான்.

ஆனால் நம் வகுப்பில் அதன் நிலை என்ன? ஐந்து மதிப்பெண் வினா! படம் வரைந்து, பாகம் குறித்து, மேல்மட்டத்தில் அணுக்கள் மிகுந்திருக்க வேண்டும் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அந்த ஒளியைக் கையாளாமலே பட்டமும் வந்துவிடும்.

கருத்து கடினமானதன்று. சோடிய விளக்கில் ஒவ்வோர் அணுவும் தன்போக்கில் ஒளி உமிழ்கிறது. அது சந்தைக் கூட்டம். லேசரிலோ, தூண்டும் ஒளித்துகளின் திசையோடும் கட்டத்தோடும் ஒன்றியே புதிய ஒளித்துகள் பிறக்கிறது. அது தேர்வடம் பிடிக்கும் கூட்டம். இவ்வேற்றுமையைக் கரும்பலகையைவிட ஒரு தலைமுடி நன்றாகச் சொல்லும். முடியொன்றைச் சட்டத்தில் ஒட்டி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை அதன்மேல் செலுத்துங்கள். 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் இருட்பட்டைகள் வரிசையாக விழும். அலைநீளத்தைத் தொலைவால் பெருக்கி, பட்டைகளின் இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிப்பு கிடைக்கும். இடைவெளி 1.6 செ.மீ. எனில், தடிப்பு ஏறத்தாழ 0.08 மி.மீ.

கருவி விலை மிகுதி என்பர் சிலர். ஹீலியம்-நியான் லேசருக்கு அது பொருந்தலாம். சிறு டயோடு லேசர் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். நேரமில்லை என்பர் வேறு சிலர். ஒரு செய்முறை வகுப்பு போதுமே! கண்ணுக்குக் கேடு என்பது மட்டுமே மெய்யான தடை. கற்றை நேராகவோ, கண்ணாடியில் பட்டுத் திரும்பியோ கண்ணில் விழக்கூடாது. அதைப் பழக்குவதும் ஆய்வகத்தின் கடமையன்றோ?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இங்குப் பலர். எங்களுக்கு இந்த ஆய்வகத்தை விட்டால் வேறு ஆய்வகம் இல்லை. நாளை நேர்முகத் தேர்வில் “லேசரைக் கையாண்டதுண்டா?” என்று கேட்டால், மதிப்பெண் பட்டியலையா நீட்டுவது?

ராமன் தம் ஒளிச்சிதறல் ஆய்வைத் தொடங்கியது கதிரவன் ஒளியைக் கொண்டுதான். அதனினும் சீரான ஒளி இன்று மலிவாகக் கிடைக்கிறது. வரும் ஆண்டில் நம் ஆய்வகத்தில் ஒரு மேசையேனும் அதற்கு ஒதுக்கப்படட்டும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)