தோல்வியையும் பேசட்டும் போர் வரலாற்று மேடை

போர் வரலாற்றைப் பலர் முன்னிலையில் பேசி விவாதிக்கும் வழக்கம் இந்தியாவில் ராணுவத்துக்குள்ளிருந்துதான் வளர்ந்தது. 1870-இல் சிம்லாவில் கர்னல் சார்லஸ் மெக்ரிகர் முயற்சியால் உருவான யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் அதன் தொடக்கக் களங்களில் ஒன்று. இன்று டெல்லியில் இயங்கும் அந்த அமைப்பில் அதிகாரிகள் கட்டுரை படித்தார்கள். கேட்டவர்களும் பெரும்பாலும் அதிகாரிகளே. சீருடை அணியாதவர்களுக்குக் கதவு அகலத் திறந்தது அண்மைக் காலத்தில்தான். பஞ்சாப் அரசும் ராணுவத்தின் மேற்குப் பிராந்தியத் தலைமையகமும் இணைந்து 2017 டிசம்பரில் சண்டிகரில் ராணுவ இலக்கிய விழாவைத் தொடங்கின. ஓய்வுபெற்ற தளபதிகளும் வரலாற்றாசிரியர்களும் பத்திரிகையாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்து பேச, பொதுமக்களும் மாணவர்களும் கேட்கும் வாய்ப்பு அங்கே உருவானது.

தமிழ்நாட்டில் மாலைநேரச் சொற்பொழிவுக்குப் பஞ்சமில்லை. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. திருவிழாதோறும் பேச்சரங்கம் நிரம்பி வழிகிறது. அங்கே போர் என்றால் பெரும்பாலும் சங்கப் பாடல் காட்டும் போர்க்களம், அல்லது சோழர் படையெடுப்பு. விடுதலைக்குப் பிந்தைய போர்கள் ஜூலை 26 கார்கில் வெற்றி நாளிலும், வங்கதேசப் போரின் வெற்றியைக் குறிக்கும் டிசம்பர் 16-ஆம் தேதியிலும் கல்லூரி மேடைகளில் நினைவுகூரப்படுகின்றன. உயிர்நீத்த வீரர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. குறையாமல் செய்யப்பட வேண்டும். ஆனால் மலரஞ்சலி முடிந்த பிறகு தொடங்க வேண்டிய வேலை பல மேடைகளில் தொடங்குவதே இல்லை. போர் ஏன் வந்தது, முடிவுகளை எடுத்தவர்கள் யார், எந்த எச்சரிக்கை யாரால் புறக்கணிக்கப்பட்டது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

போர் வரலாற்று உரைகள் பெருக வேண்டும். தமிழில் பெருக வேண்டும். அவற்றுக்கு இரண்டு உரிமைகள் இன்றியமையாதவை. ஒன்று, தோல்வியைத் தோல்வி என்று சொல்லும் உரிமை. இன்னொன்று, அந்தத் தோல்வி பற்றிய ஆவணங்களைப் படிக்கும் உரிமை. இரண்டாவது உரிமையை ஒன்றிய அரசு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தராமல் வைத்திருக்கிறது.

இத்தகைய உரைகளுக்கான அளவுகோலை வகுத்ததும் ஓர் உரைதான். 1961 அக்டோபரில் லண்டன் ராயல் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஹோவர்ட் பேசினார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் களத்தில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் துறையைக் கட்டியெழுப்பியவர். படைப்பிரிவுகள் தம் வீரர்களுக்கு ஊக்கமூட்டச் சொல்லிக்கொள்ளும் பெருமைக் கதைகளுக்குப் பயன் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை; அவற்றை வரலாறு என்று எடுத்துக்கொள்வதைத்தான் மறுத்தார். போர் வரலாற்றைப் படிக்க மூன்று நெறிகளைச் சொன்னார். நீண்ட காலப் பரப்பில் போர்முறை எப்படி மாறிவந்தது என்று பார்க்கும் அகலம் முதல் நெறி. ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டு கடிதம், நாட்குறிப்பு, அதிகாரபூர்வ ஆவணம் என்று அடிமட்டம் வரை இறங்கும் ஆழம் இரண்டாவது. போரிட்ட சமூகங்களின் அரசியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் சூழல் மூன்றாவது.

ஹோவர்ட் பேசி ஓராண்டு முடிந்த அதே அக்டோபரில் இந்தியா - சீனா போர் வெடித்தது. அவர் சொன்ன மூன்றையும் பயன்படுத்திப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இந்திய எடுத்துக்காட்டு இல்லை.

சூழலிலிருந்து தொடங்கலாம். 1961 டிசம்பரில் கோவா விரைவாக மீட்கப்பட்டது. வலுவில்லாத எதிரியிடம் கிடைத்த அந்த வெற்றி, ராணுவத்தின் ஆயத்தநிலை பற்றி மிகையான நம்பிக்கையைத் தந்தது. எல்லையில் முன்னேறிச் சென்று சிறு சிறு காவல்சாவடிகள் அமைக்கும் முடிவு அதற்கு ஒரு மாதம் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. சீனா பெரிய அளவில் திருப்பித் தாக்காது என்ற கணிப்பே அதன் அடித்தளம். 1962 ஜூலையில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் கூர்க்கா வீரர்கள் ஒரு சாவடி அமைத்தபோது சீனப் படை அதைச் சுற்றி வளைத்தது, ஆனால் சுடவில்லை. கணிப்பு சரிதான் என்பதற்கு அதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முற்றுகைக்குள் இருந்த சாவடிக்கு ஹெலிகாப்டரில் பொருள்கள் போயின. அக்டோபர் 20-ஆம் தேதி, போரின் முதல் நாளிலேயே, அந்தச் சாவடி வீழ்ந்தது. ஒரு முறை சுடாமல் இருந்தவர் எப்போதும் சுடமாட்டார் என்று எண்ணியது எப்படி என்பது எந்தத் தலைமுறைக்கும் உரிய கேள்வி. 2020 ஜூன் 15-ஆம் தேதி அதே கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு இது பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த எஸ்.பி.பி. தோரட், சீனா தாக்கினால் என்ன ஆகும் என்பதை 1960-இல் ‘லால் கிலா’ என்ற போர்ப்பயிற்சியின் மூலம் விளக்கிக் காட்டினார். அவர் சுட்டிய குறைகள் களையப்படவில்லை. 1962 இலையுதிர் காலத்தில், பிரிகேடியர் ஜான் தல்வியின் 7-ஆவது பிரிகேடு கிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டது. சீனப் படை மேட்டில், இந்தியப் படை பள்ளத்தில். குளிருக்கான உடை போதவில்லை. விமானத்திலிருந்து போடப்பட்ட மூட்டைகளில் பல கைக்குக் கிடைக்காமலே போயின. அந்த இடம் போரிடத் தகுதியற்றது என்று களத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் தொடங்கியது; அன்றே பிரிகேடு சிதைந்தது. சிறைபிடிக்கப்பட்டு மீண்ட தல்வி 1969-இல் வெளியிட்ட ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்ற நூல், தோற்ற தளபதி ஒருவர் தன் நாட்டுக்குச் செய்த பெரும் பணி. சீனா தானாகவே போரை நிறுத்திய நவம்பர் 21-ஆம் தேதிக்குள் ஏறத்தாழ 1,400 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். சுமார் 1,700 பேரைக் காணவில்லை. சுமார் 4,000 பேர் சிறைப்பட்டார்கள்.

ஆழத்துக்குப் போக முயலும் ஆய்வாளர் இங்கேதான் சுவரில் முட்டிக்கொள்கிறார். தோல்வியை ஆராய நியமிக்கப்பட்ட லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963-இல் தங்கள் அறிக்கையை அளித்தார்கள். அது இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. அதில் உள்ளவை பாதுகாப்பு நோக்கில் மிகவும் நுட்பமானவை, ராணுவ நடவடிக்கைகளுக்கு இன்றும் பொருந்தக்கூடியவை என்று 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தார். அதற்குப் பின் ஆட்சி மாறியது, நிலை மாறவில்லை. 2014-இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். சொந்த நாட்டு ராணுவத்தின் ஆய்வை, அயல்நாட்டவர் ஒருவர் கசியவிட்ட அரைகுறைப் படிவத்தில் இந்தியக் குடிமக்கள் படிக்க நேர்ந்தது. இது வேதனைக்குரியது.

ஆவணம் பூட்டிக் கிடப்பதால் மேடையில் ஊகம் ஆட்சி செய்கிறது. விமானப்படையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும் என்று ஒருவர் பேசுகிறார். இந்திய நகரங்கள் மீது குண்டு விழும் என்ற அச்சமே அதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் என்று இன்னொருவர் பதில் சொல்கிறார். அப்போதைய பிரதமர் நேருவும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனும் மட்டுமே குற்றவாளிகள் என்கிறார் ஒருவர். தளபதிகளே என்கிறார் மற்றொருவர். எந்தத் தரப்பும் மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசவில்லை. அதனால் விவாதம் கட்சிச் சண்டையாகவே முடிகிறது.

ரகசியம் காக்கும் தரப்பின் வாதத்தில் உண்மை ஒன்று இருக்கிறது: எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் ரகசியத்தைக் காத்துக்கொண்டே அறிக்கையை வெளியிட வழிகாட்டும் முன்மாதிரி கையிலேயே உள்ளது. கார்கில் போர் முடிந்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29 அன்று, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆண்டு முடியும் முன் அறிக்கை தயாரானது. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்பைக் கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டன. மீதி நூலாகவே விற்பனைக்கு வந்தது. உளவு அமைப்புகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்புக் குறை, குளிர்காலக் கண்காணிப்பின் போதாமை எல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட்டன. 2002-இல் பாதுகாப்பு உளவு முகமை உருவானதும், 2020 ஜனவரியில் முதல் முப்படைத் தலைமைத் தளபதி பொறுப்பேற்றதும் அந்த ஆய்வு தொடங்கிவைத்த சீர்திருத்தங்களின் தொடர்ச்சி. ஊடுருவலை முன்கூட்டி அறியத் தவறியதை ஒப்புக்கொண்டதால் ராணுவத்தின் மதிப்பு குறையவில்லை.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. போர் ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும், போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் வரலாறு தொகுக்கப்பட வேண்டும் என்கிறது அது. அந்தக் கணக்கில் 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களின் ஆவணங்களும் எப்போதோ வெளிவந்திருக்க வேண்டியவை. கார்கில் ஆவணங்களுக்கும் 2024-இல் காலம் கனிந்துவிட்டது. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைத் தேவையான நீக்கங்களோடு அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். இனியும் தள்ளிப்போட நியாயமான காரணம் இல்லை.

தோல்வியைப் பேசுவது வீரர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்தும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. லடாக்கின் ரெசாங் லா அதற்குப் பதில். 1962 நவம்பர் 18 அன்று, 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13-ஆவது குமாவோன் படையின் ஒரு கம்பெனி கடைசிவரை போரிட்டது. சுமார் 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பனிக்காலம் தணிந்து தேடியபோது, ஆயுதம் ஏந்திய நிலையிலேயே உடல்கள் கிடைத்தன. இடையில் நின்ற மலைமுகடு மறைத்ததால் பின்னாலிருந்த பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. அவர்களின் வீரத்தைச் சொல்லிவிட்டு, அந்த நிலைமைக்கு அவர்கள் ஏன் தள்ளப்பட்டார்கள் என்று கேட்காமல் விடுவதுதான் அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

பாடம் என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கி.மு. 216-இல் கன்னேயில் ஹானிபல் ரோமானியரைச் சூழ்ந்து அழித்த போர், ஜெர்மன் தளபதி ஷ்லீஃபனின் சிந்தனையை ஆட்டிப்படைத்தது. அவர் வழியில் வந்த திட்டம் 1914-இல் மார்ன் ஆற்றங்கரையில் முறிந்தது. முதல் உலகப் போரில் வெர்டூனில் கோட்டைகளும் பீரங்கிகளும் தாங்கி நின்றதைக் கண்ட பிரான்ஸ் மஜினோ அரண்வரிசையைக் கட்டியது. 1940-இல் ஜெர்மானியர் அதைச் சுற்றிக்கொண்டு ஆர்டென் காடு வழியாக வந்தார்கள். ட்ரோன்களைப் பற்றி இன்று பேசுகிறவர்களும் பழைய போர் ஒன்றை அப்படியே இன்றைக்குப் பொருத்திவிடக் கூடாது. ஹோவர்டின் ‘அகலம்’ இந்த ஆபத்துக்கு எதிரான காப்பு.

தமிழில் தொடங்குவதற்குப் பொருள் ஏராளம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரமாகியும் நகரின் விளக்குகள் ஏன் அணைக்கப்படவில்லை என்ற கேள்வி மட்டும் நினைவில் இல்லை. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சி அதைவிட ஆழமான பாடப்பொருள். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை என்ற ஆணைகள் சிப்பாய்களின் மனநிலை அறியாமல் திணிக்கப்பட்டன. மே மாதம் எதிர்த்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. சதி பற்றி முன்கூட்டிச் சொன்ன முஸ்தபா பெக் என்ற சிப்பாயின் பேச்சு பொருட்படுத்தப்படவில்லை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டதும், பின்னர் ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டதும் தெரிந்த செய்திகள். இது முதல் விடுதலைப் போரா இல்லையா என்ற விவாதத்தோடு பெரும்பாலான மேடைகள் நின்றுவிடுகின்றன. ஒரு நிர்வாகம் தன் காலடியில் கனன்ற நெருப்பை ஏன் உணரவில்லை என்பதும் சம அளவில் பேசப்பட வேண்டும். அந்தக் கால ராணுவத் துறை ஆவணங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன.

பேசுவதற்கான நிறுவனங்களும் இங்கேயே உள்ளன. வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரி இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையம், 1962 தோல்விக்குப் பின் அதிகாரிகள் பற்றாக்குறையை ஈடுகட்ட 1963-இல் தொடங்கப்பட்டதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பியல் துறை உண்டு. இவை தங்கள் வளாகத்துக்கு வெளியே வந்து, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் தமிழில் உரைகள் நடத்த வேண்டும். போரிட்டவர் ஒருவரும் ஆவணம் படித்தவர் ஒருவரும் சேர்ந்து பேச வேண்டும். ஒருவர் நினைவை மற்றவர் சரிபார்க்க முடியும். கேள்வி நேரம் உரையளவுக்கு நீள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1962-இல் 20 வயதில் களத்தில் நின்ற சிப்பாய் இன்று 80-ஐக் கடந்தவர். 1971-இல் நின்றவர் 70-ஐக் கடந்தவர். நாயக், ஹவில்தார், சுபேதார் என்று ஓய்வுபெற்றுத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் திரும்பிய முன்னாள் வீரர்களை எவரும் உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்தது குறைவு. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் அவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. கல்லூரி மாணவர்களை அனுப்பி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யும் பணியை மாநில அரசு இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.