கவிதை மட்டும் போதுமா உங்களுக்கு?

அருந்ததியர் எழுத்தாளர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு வெளிவந்தால் கூட்டம் கூடுகிறது. முற்போக்கு மேடைகள் அழைக்கின்றன. வாழ்த்துரை வழங்குபவர் இரண்டு கவிதைகளை உரக்கப் படித்துக் கண்கலங்குகிறார். அதே எழுத்தாளர் அடுத்த ஆண்டு உள்ஒதுக்கீடு பற்றியோ தன் வளவின் நில வரலாறு பற்றியோ ஒரு கட்டுரை நூல் கொண்டுவந்தால், மதிப்புரை எழுத ஆள் கிடைப்பதில்லை. ஈரோடு, நாமக்கல், கோவைப் பக்கம் இந்த நூல்கள் இயக்கக் கூட்டங்களில் தோள்பையிலிருந்து விற்கப்படுகின்றன. நான் வாங்கியவற்றில் பாதி அப்படி வாங்கியவைதான்.

ஏன் இப்படி? கவிதையைக் கேட்பவர் உருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கட்டுரை கணக்குக் கேட்கும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை இடம் யாருக்குப் போனது, உங்கள் ஊர்க் கோயில் தேரை யார் இழுக்கிறார்கள் என்று கேட்கும். சக தலித் தோழர்களைப் பார்த்தும் கேட்கும். அதுதான் பலருக்குச் சங்கடம்.

ம. மதிவண்ணனை எடுத்துக்கொள்வோம். 2000-இல் வந்த 'நெரிந்து' தொகுப்பிலிருந்து அவரைத் தலித் கவிஞர் பட்டியலில் எல்லோரும் சேர்க்கிறார்கள். அந்தக் கவிதைகளில் இருக்கும் எள்ளலையும் கோபத்தையும் விட்டுவிட்டு 'வலி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை. ஆனால் அதே ஆள்தான் உள்ஒதுக்கீட்டு விவாதத்தில் தொடர்ந்து உரைநடை எழுதியவர். நான் புரட்டிய தலித் இலக்கிய ஆய்வேடுகளில் கவிஞர் மதிவண்ணன் நிறைய வருகிறார், கட்டுரையாளர் மதிவண்ணன் அபூர்வமாகத்தான் வருகிறார். ஒரே பேனா, பாதி மட்டும் படிக்கப்படுகிறது.

அந்த விவாதம் சின்ன விஷயமா? 2009-இல் நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் ஏறத்தாழ 3 விழுக்காடு, அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பிரிவினருக்கு முன்னுரிமையாக வந்தது. 2004-இல் ஆந்திரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால் எங்கள் தலைக்கு மேலும் கத்தி தொங்கிக்கொண்டே இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, 6-க்கு 1 என்ற கணக்கில், உட்பிரிவு செய்யலாம் என்றது. 15 ஆண்டு காலம் அந்த 3 விழுக்காட்டுக்காக வாதாடியது நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் மட்டுமில்லை. மலிவுத்தாளில் அச்சிட்ட சிறு நூல்களும் துண்டறிக்கைகளும் வாதாடின. அவற்றை எழுதியவர்களை எந்த இலக்கிய விழாவுக்கும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

மேற்கு மாவட்டங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழில்தான் எழுதுகிறோம். இதை வைத்தே 'வந்தேறி' என்று சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கவிதையில் பதில் சொன்னால் கைதட்டு கிடைக்கும், அவ்வளவுதான். கட்டுரையில்தான் வேறொன்று செய்யமுடியும். கொங்குக் காடுகளில் கவலை இறைத்த காலத்தில், சாலுக்குத் தோலால் வால் தைத்துக் கொடுத்தவர்கள் யார்? பண்ணையத்துக்கு இருந்தவர்கள் யார்? மின்மோட்டார் வந்தபோது கவலை போனது, கவலையோடு அந்தத் தோல்வேலையும் அதற்கு அளந்த தானியமும் போயின. கொங்கு வேளாண்மையின் பெருமையைப் பேசும் நூல்களில் கிணறு இருக்கும், காளை இருக்கும், தோலைத் தைத்த கை இருக்காது. அந்தக் கையின் பேரப்பிள்ளைகள் இப்போது பாட்டன்களின் வாய்மொழியைக் குறித்துவைத்து நூலாக்குகிறார்கள். வெளியில் இருப்பவர்கள் எங்கள் பண்ணையத்துப் பிள்ளைகளைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' வழியாகத்தான் அறிந்தார்கள். அந்த நாவல் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஆடு மேய்த்தவனின் பேத்தி தானே எழுதும்போது கேள்வி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது.

எல்லா நூலும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'நாங்களும் ஆண்டவர்கள்தான்' என்று மன்னர்களைத் தேடிப்போகும் நூல்கள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. சாதி இந்துக்கள் ஆடித் தேய்ந்த அந்த ஆட்டத்தில் நாம் எதற்குப் போய்ச் சேரவேண்டும்? ஆண்டு தெரியாத சம்பவங்கள், மெய்ப்புத் திருத்தாத பக்கங்கள் எல்லாமும் உண்டு. இதையெல்லாம் யாராவது எழுதிச் சுட்டிக்காட்டினால்தானே அடுத்த பதிப்பு சரியாகும்? பாராட்டைவிட அதுதான் எங்களுக்கு இப்போது தேவை.

அயோத்திதாசரை நினைத்துப்பாருங்கள். 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய இதழில் எழுதியவை, 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தபோது மறுபடி கைக்கு வந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் சிந்தனை வரலாற்றைப் பழையபடி எழுத முடியவில்லை. அதைச் செய்தது உரைநடை. 1920-களில் சென்னை சட்டமன்றத்தில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசிய எல்.சி. குருசாமியை எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய பேச்சுகளைத் தேடித் தொகுப்பவர்கள் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் இல்லை. பெரும்பாலும் வேலைக்குப் போய்வந்து இரவில் எழுதும் ஆட்கள்.

ஒரு கருத்தரங்கில் இந்த உழைப்பைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அமர்வை நடத்தியவர் நேரமாகிவிட்டது என்றார். பிறகு, "தம்பி, போறதுக்கு முன்னால நல்லதா ஒரு கவிதை சொல்லுங்க" என்றார். எனக்குக் கவிதை எழுத வராது என்று சொல்லி இறங்கிவிட்டேன். இன்னோரிடத்தில், நான் சான்றாகக் காட்டியிருந்த சிறு பதிப்பக நூல் ஒன்றை 'சார்பு நூல்' என்று அடிக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் ஜமீன் குடும்பமே வெளியிட்ட ஜமீன் வரலாறு ஒன்றும் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

எனவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் கவிஞரை அடுத்தமுறை மேடைக்கு அழைக்கும்போது அவருடைய கட்டுரை நூலையும் படித்துவிட்டு வாருங்கள். 3 விழுக்காட்டில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் தேநீர்க்கடையில் முணுமுணுக்காமல் அதை அச்சில் எழுதுங்கள். பதில் எழுத எங்களிடம் ஆள் இருக்கிறார்கள்.