நூலைச் செப்பனிடும் அறம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியின் ஆலைகளில் மகிழுந்துகளும் கைப்பேசிகளும் நாள்தோறும் உருவாகின்றன. அங்கு ஓர் உதிரிப்பாகம் பழுதுபட்டால், அதே அளவில் வேறொன்றைப் பொருத்திவிடலாம். பழைய நூலுக்கு அத்தகைய உதிரிப்பாகம் இல்லை. சி.வை. தாமோதரனார் 1887இல் பதிப்பித்த கலித்தொகைப் படியொன்றில் ஒரு தாள் சிதைந்தால், அதனை எந்த ஆலையாலும் மீட்டுத்தர இயலாது. ஆகவே, நூலைச் செப்பனிடுவோர்க்கு விரைவைவிடப் பொறுமையே இன்றியமையாதது.

நூல்களைக் கரையானும் ஈரமும் மட்டுமே அழிப்பதில்லை. அக்கறையோடு செய்யும் அவசரச் செப்பமும் அழிக்கிறது. கிழிந்த பக்கத்தில் ஒட்டிய ஒட்டுநாடாவின் பசை, நாளடைவில் தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாகிறது. நாடா உதிர்ந்த பின்னும் கறை நீங்குவதில்லை. ஓரங்களைச் சீராக்க வெட்டும்போது, முன்னோர் விளிம்பில் எழுதிய குறிப்புகளும் வெட்டுண்டு போகின்றன. முதுகோரமாக இறுக்கித் தைத்த நூல் முழுதாக விரிவதில்லை; வலிந்து விரித்தால், முதிர்ந்த தாள் தையலோரத்திலேயே முறிகிறது.

திருகாணியால் பொருத்தியதைக் கழற்றலாம். பற்றவைத்ததைப் பிரித்தல் அரிது. நூற்கட்டுக்கும் இது பொருந்தும். பின்னாளில் நீக்க இயலுகின்ற செப்பமே நற்செப்பம். கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையையும், நீண்ட இழைகளாலான மெல்லிய ஜப்பானியத் தாளையும் வல்லுநர் நாடுவது இதனாலேயே. அப்பசை நீர் பட்டால் இளகும். தவறு நேரினும் திருத்திக்கொள்ளலாம்.

மின்படி எடுத்துவிட்டால் மூலநூல் எதற்கு என்பார் உளர். மின்படி எழுத்தைக் காட்டும். தாளின் தன்மையையும் தையலின் முறையையும் மூலநூலே முழுமையாகக் காட்டும். மேலும், நொறுங்கும் நூலைப் படமெடுப்பதற்கும் முதலில் அதனைப் பாதுகாப்பாக விரிக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நூலகம், படியெடுத்தல், மூலத்தைப் பேணுதல் ஆகிய இரு பணிகளையும் மேற்கொண்டு வருகிறது.

பாட்டனார் படித்த நூலொன்று வீட்டுப் பரணில் சிதைந்து கிடக்கலாம். அதனைக் காணும் மாணவர் பசையையோ நாடாவையோ தேட வேண்டா. உதிர்ந்த தாள்களை வரிசை மாறாமல் அடுக்கி, தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமற்ற இடத்தில் வைத்து, வல்லுநரை நாடினால் போதும். அறியாத பணியில் கைவைக்காமல் காப்பதும் நூலுக்குச் செய்யும் தொண்டே.