ரேடியமே இல்லாத ரேடியம் ஸ்டிக்கர்!

‘‘அண்ணே, பின்னாடி அம்மா பேரு, முன்னாடி ஒரு வேல்... ரெண்டும் ரேடியத்துல வேணும்!’’

‘‘ஒட்டிடலாம் தம்பி. என்ன கலரு?’’

நெய்வேலி மெயின் பஜார் பக்கமோ, மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலோ ஒரு ஸ்டிக்கர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இப்படி ஒரு பேச்சு காதில் விழும். புது பைக் எடுத்தால் முதலில் கோயில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அடுத்த ஸ்டாப், ஸ்டிக்கர் கடை!

அம்மா பெயர், குலசாமி பெயர், பிள்ளைகள் பெயர், தலைவர் படம், ‘லவ்’ பண்ணுகிறவரின் முதல் எழுத்து மட்டும் என்று வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். இத்தனையும் சில அங்குல பிளாஸ்டிக் தாளில் நடக்கும் வித்தை. ஆனால், அதே தாளுக்கு உயிரைக் காப்பாற்றும் வேலை ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

எண்ணும் எழுத்துமான ஊர்

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் என்.எல்.சி. இந்தியா. அந்தத் தொழிலாளர்களுக்காகத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர், நெய்வேலி டவுன்ஷிப். மற்ற ஊர்களில் ‘பிள்ளையார் கோயில் தெருவில் மூணாவது வீடு’ என்று வழி சொல்வார்கள். இங்கே வட்டம் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர்தான் விலாசம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கும் ஊர் என்பதால் எச்சரிக்கைப் பலகைகளுக்கும் குறைவில்லை. எழுதி வைத்ததைப் பார்த்து நடப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

ஒரு காலத்தில் இதெல்லாம் பெயின்டர்களின் கைவேலை. எனாமல் பெயின்ட், அணில்முடி பிரஷ், அளவுகோல், பொறுமை. இவை இருந்தால்தான் ஒரு போர்டு உருவாகும். 1980-களில் அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம், வினைல் தாளில் எழுத்துகளைத் தானாக வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் வாரிசுகள்தான் இன்று ஸ்டிக்கர் கடைகளில் ‘கர்ர்... கர்ர்...’ என்று ஓடும் பிளாட்டர் மெஷின்கள்.

காணாமல் போகும் புள்ளி

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். தண்ணீர்க் குழாயில் கெட்டியாக இருப்பது, இங்கே மெல்லிய தாளாக, பின்னால் பசையோடு வருகிறது. கம்ப்யூட்டரில் பெயரை டிசைன் செய்து அனுப்பினால், பிளாட்டரில் பேனாவுக்குப் பதிலாக இருக்கும் குட்டிக் கத்தி அதை வெட்டும். மேலே இருக்கும் வினைல் மட்டும் வெட்டுப்பட வேண்டும். அடியில் இருக்கும் காகிதம் அப்படியே இருக்க வேண்டும். கத்தி கொஞ்சம் அழுத்தினால் காகிதமும் கிழியும். அழுத்தம் குறைந்தால் எழுத்து உரிந்து வராது.

அடுத்துதான் கைவேலை. எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியை ஊசியாலும் நகத்தாலும் உரித்தெடுக்க வேண்டும். ஆங்கிலப் பெயர் என்றால் சட்டென்று முடிந்துவிடும். தமிழில் ‘ண’வின் சுழிகள், ‘ஞ’வின் வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாக மெய்யெழுத்தின் புள்ளி! மிளகை விடச் சின்னதாக இருக்கும் அந்தப் புள்ளி, உரித்தெடுக்கும் கழிவோடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு போய்விடும். ‘அன்பு’ ‘அனபு’ ஆகும். ‘வேல்’ ‘வேல’ ஆகும். அனுபவசாலிகள் வெட்டுவதற்கு முன்பே புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்துவிடுவார்கள்.

இன்னொரு தலைவலி ஃபான்ட். வாட்ஸ்அப்பில் வரும் தமிழ், யூனிகோட் எழுத்து. பல கடைகளின் அழகான எழுத்துருக்களோ யூனிகோட் வருவதற்கு முந்தைய பழைய வகை. அப்படியே ‘காப்பி-பேஸ்ட்’ செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று குதறிப்போய் நிற்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பு ஸ்கிரீனில் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடுவது வாடிக்கையாளருக்கும் நல்லது, கடைக்காரருக்கும் நல்லது. தப்பாக வெட்டிய வினைல் குப்பைக்குத்தான் போகும்.

ஒட்டும்போது வண்டியில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளினால் காற்றுக் குமிழி வெளியேறிவிடும். இதற்கு ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு போதும்.

வாட்ச் முள்ளில் வந்த பெயர்

சரி, அந்த ‘ரேடியம்’ எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை!

ரேடியம் என்பது மேரி கியூரி, பியர் கியூரி தம்பதி 1898-ல் கண்டுபிடித்த கதிரியக்கத் தனிமம். இருட்டில் மின்னும் பெயின்டில் அதைக் கலந்து வாட்ச் முள்ளிலும் எண்களிலும் பூசினார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் அப்படி எண் எழுதும் வேலைக்கு இளம்பெண்களை வைத்தார்கள். பிரஷ் நுனி கூர்மையாக வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் குவிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விஷம் உள்ளே போனது. தாடை எலும்பு அரித்து, ரத்தசோகை வந்து பலர் இறந்தார்கள். நோயோடு போராடியபடியே ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1928-ல் நிறுவனம் இழப்பீடு கொடுத்து சமரசத்துக்கு வந்தது. ‘ரேடியம் பெண்கள்’ என்று வரலாறு அவர்களை நினைவில் வைத்திருக்கிறது.

அந்த ஆபத்து, வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரில் இல்லை. இருட்டில் மின்னினாலே ரேடியம் என்று பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் இது. பயப்படாமல் ஒட்டலாம்.

அப்படியென்றால் மின்னுவது எப்படி? அந்தத் தாளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கண்ணாடி மணிகளோ, முப்பட்டகம் போன்ற நுண் அமைப்புகளோ இருக்கின்றன. முகம் பார்க்கும் கண்ணாடி, சாய்வாக விழுந்த வெளிச்சத்தை வேறு பக்கம் தள்ளிவிடும். இந்த மணிகள் வந்த வழியே திருப்பி அனுப்பும். லாரியின் ஹெட்லைட்டில் இருந்து போன வெளிச்சம், அந்த லாரி டிரைவரின் கண்ணுக்கே திரும்பி வரும். இருட்டில் பூனையின் கண் மின்னுவது போல! இதே தத்துவத்தில் இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934-ல் சாலை நடுவே பதிக்கும் ‘பூனைக்கண்’ விளக்கைக் காப்புரிமை செய்தார். 1930-களின் கடைசியில் 3எம் நிறுவனம் இதைத் தாளாகவே கொண்டுவந்தது.

ஒரு நொடிக்கு 17 மீட்டர்

இனி நெய்வேலிக்கு வருவோம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் தூங்குவதில்லை. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர், முடித்து வருகிறவர் என்று எந்த நேரமும் சைக்கிளும் பைக்கும் சாலையில் இருக்கும். ஆர்ச் கேட்டைத் தாண்டினால் பண்ருட்டி - வடலூர் நெடுஞ்சாலை. கரும்பு வெட்டும் பருவத்தில் டிரெய்லர் வழியக் கரும்போடு டிராக்டர்கள் ஊர்ந்து போகும். பின்னால் விளக்கு இருக்காது. இருந்தாலும் தொங்கும் தோகை மறைத்துவிடும். ரிப்பேராகி நின்றால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். ராத்திரி அந்தக் கிளை யார் கண்ணுக்குத் தெரியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். எதிரே இருப்பதைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதாவது 25 மீட்டர். வண்டி நிற்க அதற்கு மேலும் தூரம் வேண்டும். இருட்டில் நிற்கும் டிரெய்லர் 30 மீட்டரில்தான் கண்ணில் பட்டால், பிரேக் அடித்தும் பயனில்லை. பின்னால் நல்ல ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தால் 100 மீட்டருக்கு அப்பாலேயே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அது சொல்லிவிடும்.

இது சட்டமும்கூட. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 104-வது விதிப்படி, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டராவது இருக்க வேண்டும். டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கும் 2020-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. நிறத்துக்கும் அர்த்தம் உண்டு: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மாற்றி ஒட்டினால், வண்டி வருகிறதா போகிறதா என்று எதிரில் வருகிறவர் குழம்பிவிடுவார்.

வாங்கும்போது கவனிக்க...

• பளபளப்பதெல்லாம் ரிஃப்ளெக்டர் ஆகாது. பகலில் கண்ணைப் பறிக்கும் சாதா மஞ்சள் வினைல், ராத்திரியில் வெறும் தாள்தான். சந்தேகமாக இருந்தால் நிழலான இடத்தில் ஸ்டிக்கரை வைத்து, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். நிஜ ரிஃப்ளெக்டர் படத்தில் விளக்கு போல எரியும்.

• வெளிச்சத்தைச் சேமித்து வைத்து, லைட்டை அணைத்ததும் பச்சையாக மின்னும் ஸ்டிக்கர் வேறு வகை. கட்டடங்களில் அவசர வழியைக் காட்ட அது உதவும். சாலையில் அதை நம்ப முடியாது.

• நம்பர் பிளேட்டில் கை வைக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அந்தத் தகடே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகைதான். அதன் மேல் பெயரோ படமோ ஒட்டினால் அபராதம்தான் மிச்சம்.

• கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது.

• இல்லாத பதவியை ஒட்டாதீர்கள். தனியார் வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வக்கீல்’ என்று ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் மீது சென்னை போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் நடவடிக்கையில் இறங்கியது.

இந்தக் கடைசி விஷயத்தில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. கத்திக்கு எது பொய், எது நிஜம் என்று தெரியாது. வெட்டச் சொன்னதை வெட்டும். ‘‘ஐ.டி. கார்டு காட்டுங்க தம்பி’’ என்று கேட்க வேண்டியது மனிதர்தான். அன்றைக்கு ஒரு ஆர்டர் குறையலாம். சின்ன ஊரில் பெயர் கெட்டால் எல்லா ஆர்டரும் போய்விடும்.

கடைக்காரர் நினைத்தால் இன்னொன்றும் செய்யலாம். பெரிய எழுத்துகள் வெட்டிய பிறகு ஓரங்களில் சிவப்பு ரிஃப்ளெக்டர் துண்டுகள் மிஞ்சும். குப்பைக்குப் போகும் அந்தத் துண்டில் இரண்டு அங்குலம் போதும், கடைக்கு வரும் ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் ஒட்டிவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. காசு வாங்காமல் செய்தால், அதைவிட நல்ல விளம்பரம் அந்தக் கடைக்கு வேறு இல்லை.

அம்மா பெயர் வண்டியின் பின்னால் இருக்கட்டும். அதற்குக் கீழே அந்த இரண்டு அங்குலச் சிவப்பும் இருக்கட்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து பிள்ளை வண்டிச் சத்தம் கேட்கும் வரை, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தூங்கியிருக்க மாட்டார்.