வாலும் காலும் சேர்ந்திருக்கும் நாட்களில் மருந்து வேண்டாம்

கேள்வி: பிசான நெல் நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வயல் தண்ணீரில் கறுப்புத் தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. நாற்றின் வேரைக் கடிக்குமா? குருணை மருந்து போட்டு ஒழிக்கலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேர் பிடித்த நாற்றை இவை கடிப்பதில்லை. இவற்றுக்காக மருந்து போட வேண்டியதில்லை.

கறுப்பாகக் கூட்டமாகத் திரிபவை பெரும்பாலும் தேரையின் குஞ்சுகள். பாசியையும் மட்கிய இலைதழையையும் சுரண்டித் தின்பதே இவற்றின் வேலை. கூட்டமாக இருந்தால் எதிரியிடம் ஒன்றிரண்டு சிக்கினாலும் மற்றவை தப்பும். மழை தொடங்கியதும் மஞ்சளாக மாறிக் கத்துமே பெரிய தவளை, அதன் குஞ்சுகளின் குணம் வேறு. அவை வேட்டையாடும். கொசுப் புழுக்களையும், மற்றத் தலைப்பிரட்டைகளையும், பசி மிகுந்தால் தம் இனத்தையுமே தின்னும்.

சில வாரங்களில் பின்னங்கால் முளைக்கும். அப்போதும் நீந்துவதற்கு வாலைத்தான் நம்பியிருக்கும். அடுத்து முன்னங்கால் வெளியே வந்ததும் நடத்தை முழுவதும் மாறிவிடும். வாய் அகன்று, பாசி சுரண்டும் உறுப்பு உதிர்ந்து, நீண்ட குடல் சுருங்கும். அந்தச் சில நாட்கள் இரை எடுக்காது. வாலில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே உயிர் பிழைக்கும். செவுள் மறைந்து நுரையீரலால் மூச்சு விடத் தொடங்குவதால் தண்ணீரின் நடுவை விட்டு வரப்போரம் ஒதுங்கும்.

ஆபத்து மிகுந்த நாட்கள் இவைதான். வால் சுருங்குவதால் நன்றாக நீந்த முடியாது. வால் இழுப்பதால் நன்றாகத் தாவவும் முடியாது. கொக்கும் தண்ணீர்ப் பாம்பும் எளிதாகப் பிடித்துவிடும். வரப்போரத்தில் தெளிக்கும் களைக்கொல்லியும் நேரே இவற்றின் மேல்தான் விழும். தவளையின் தோல் வழியே தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். மருந்தும் அப்படியே போய்விடும்.

வால் மறைந்ததும் பூச்சி தின்னும் பிராணியாகிவிடும். குட்டித் தேரைகள் பகலிலேயே ஈரப் புல்லில் நடமாடி எறும்பு போன்ற சிறு பூச்சிகளைப் பிடிக்கும். வளர்ந்த பின் பகலில் பதுங்கி இரவில் வேட்டையாடும். வண்டு, அந்துப்பூச்சி, புழு எனக் கண்முன் அசைவதை நாக்கை நீட்டிப் பிடிக்கும். சிலந்தி போன்ற நன்மை செய்பவற்றையும் தின்னும் என்பது உண்மை. தவளை மட்டுமே பூச்சியை ஒழித்துவிடும் என்று நம்பவும் கூடாது. ஆனாலும் கூலி கேட்காமல் இரவெல்லாம் வயலில் வேலை பார்க்கும் துணை அது. ஒரு காலத்தில் தவளைக்காலுக்காக இவை பெருமளவில் பிடிக்கப்பட்டன. 1987இல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது.

சங்கரன்கோவில் பக்கம் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்களில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடுவதுண்டு. வற்றுவதை உணர்ந்தால் பல இனத் தலைப்பிரட்டைகள் அவசரமாக உருமாறும். ஆனால் குட்டிகள் சிறுத்தே வெளிவரும். முற்றிலும் காய்ந்தால் அத்தனையும் மடியும்.

செய்ய வேண்டியவை:

1. தண்ணீரை வடிக்கும்போது வயலின் தாழ்ந்த மூலையில் ஓர் அடி ஆழக் குழி எடுத்து அதில் மட்டும் தண்ணீர் நிறுத்துங்கள்.

2. முன்னங்காலும் வாலும் சேர்ந்த குட்டிகள் வரப்போரம் தெரிந்தால், அவை கரையேறும் வரை களைக்கொல்லியைத் தள்ளிப் போடுங்கள்.

3. வரப்பை ஒரே நாளில் நான்கு பக்கமும் செதுக்க வேண்டாம். ஒரு பக்கம் முடித்து, பத்து நாள் விட்டு மறுபக்கம் செதுக்குங்கள். குட்டிகள் ஒதுங்க நிழலும் ஈரமும் கிடைக்கும்.

4. பூச்சி மருந்தை முன்னெச்சரிக்கை என்று போடாதீர்கள். தூரைப் பிரித்துப் பூச்சியை எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்று போடும் குருணை தலைப்பிரட்டையைக் கொல்லும். கதிர் வரும் நேரத்தில் பூச்சி பிடிக்க வரப்பில் தவளை இருக்காது.