ஒரே சாலை, இரண்டு கோடு

கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கைப்பேசி பெருஞ்சாலை வரையில் ஒழுங்காக வழி சொல்லும். செம்பனைக்குள் திரும்பியதும் வெறும் பச்சை நிறந்தான் தெரியும். லயத்துக்குப் போகும் செம்மண் சாலை நில அளவைத் துறையின் பழைய தாளில் இருக்கிறது. ஆனால் புதிய நெடுஞ்சாலை அந்தத் தாளில் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தாக வேண்டும். அதற்கென்றே ஜி.ஐ.எஸ். மென்பொருள்கள் இருக்கின்றன. 2002-ல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். காசில்லாமல் கிடைப்பது. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் தாராளமாகக் கற்றுக் கொள்ளலாம்.

"ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் முடிந்ததுதானே?" என்பீர்கள். வைத்துப் பாருங்கள். ஒரே சாலை இரண்டு கோடாகத் தெரியும். நடுவே 150 மீட்டருக்கு மேல் இடைவெளி!

மலாயாவின் பழைய வரைபடங்கள் பகாங்கிலுள்ள கெர்த்தாவ் என்னும் இடத்தை மூலமாகக் கொண்டவை. பூமியின் உருவத்துக்கு அவை எடுத்துக் கொண்ட கணக்கு, இந்திய நில அளவையைக் கொண்டு எவரெஸ்ட் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் வகுத்தது. அந்த அளவை 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது. நம் பாட்டன்மார் கப்பலேறிய ஊருக்கும் இந்த ஊர் வரைபடத்துக்கும் இப்படியும் ஓர் உறவு! கைப்பேசியோ துணைக்கோளை வைத்து வேறு கணக்கில் ஓடுகிறது. மலேசியாவும் 2003-ல் ஜி.டி.எம். 2000 என்ற புதிய அடிப்படைக்கு மாறிவிட்டது.

எனவே முதல் வேலை, பழையதைப் புதிய கணக்குக்கு மாற்றுவது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். கோப்பின் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றிவிட்டு, சாலை நகர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். பத்தாங்கட்டைக் கல்லில் "மைல்" என்பதை அழித்துக் "கிலோமீட்டர்" என்று எழுதினால் தூரம் குறைந்துவிடுமா? பழைய கோப்புக்கு முதலில் கெர்த்தாவ் என்ற உண்மையான சீட்டை ஒட்டுங்கள். பிறகு "ரீபுரொஜெக்ட்" கட்டளையால் புதிய கோப்பாக மாற்றுங்கள். சில பழைய கணக்குகள் மீட்டரில் இல்லாமல் 66 அடிச் சங்கிலியில் இருக்கும்; அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்து, புதிய சாலைகளின் இருபுறமும் பதினைந்து மீட்டருக்கு ஒரு பட்டை போடச் சொல்லுங்கள். பட்டைக்குள் விழும் பழைய கோடு பெரும்பாலும் அதே சாலைதான், அதை விட்டுவிடலாம். வெளியே நிற்பவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றையும் கண்ணை மூடிக் கொண்டு சேர்த்துவிடக் கூடாது. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். அங்கே பழைய தாளிலுள்ள தோட்டத்துப் பாதையை அப்படியே ஏற்றினால், அது இன்று யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து போகும். ஒவ்வொரு கோட்டையும் துணைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும். அலுப்புத் தரும் வேலைதான். ஆனால் இதைக் கணினியிடம் விட எனக்கு மனமில்லை.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. பழைய தாளில் பிரிக்பீல்ட்ஸ் ரோடு, புதியதில் ஜாலான் துன் சம்பந்தன். கணினி இரண்டையும் வேறு வேறு சாலை என்றே எண்ணும். பழைய பெயரை அழிக்காமல் தனிக் கட்டத்தில் வையுங்கள். பெரியவர்கள் இன்னும் அதைத்தானே சொல்கிறார்கள்!

செம்மண் சாலை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு முழம் இடைவெளி விட்டாலும் கணினிக்கு அங்கே வழி கிடையாது. அந்தப் பெண் இருக்கும் லயத்துக்கு ஆம்புலன்ஸ் வேறெங்கோ சுற்றும்.

2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்திரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் இவற்றைச் சேர்க்கலாம். அரசாங்கத் தாளிலிருந்து எடுப்பதானால் அனுமதி கேட்டுக் கொள்ளுங்கள். வணிக நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது கூடாது. சொந்தக் கைப்பேசியோடு மோட்டார் சைக்கிளில் போய்ப் பதிவு செய்த பாதைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். போகும்போது தோட்டத்துக் கேட்டையும் குறித்துக் கொள்ளுங்கள். இரவில் அது எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் என்பதை ஜாகாவிடம் கேளுங்கள்.